கிராண்ட் ரெக்ஸில் கிழித்த டிக்கெட்: பிரான்ஸின் சினிமா நிதி எப்படிச் சுற்றுகிறது? முழுமையான வழிகாட்டி

பாரிஸில் கிராண்ட் ரெக்ஸ் என்று ஒரு பழைய திரையரங்கு இருக்கிறது. 1932-இல் திறந்தது, சுமார் 2,700 இருக்கைகள். 2016 ஜூலையில் ‘கபாலி’ அங்கே ஓடியபோது தமிழர் கடைகள் நிறைந்த லா ஷபெல் பக்கத்துத் தமிழர்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அன்றைக்கு டிக்கெட் எடுத்த ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, முன்பின் அறியாத ஏதோ ஒரு பிரெஞ்சு இயக்குநரின் முதல் படத்துக்கு ஒரு யூரோ போலக் காசு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். விசில் அடித்த கையோடு அறியாமல் செய்த தருமம்.

அந்தக் காசு போய்ச் சேரும் இடத்தின் பெயர் சி.என்.சி. பிரெஞ்சுக்காரர்கள் ‘செ-என்-செ’ என்பார்கள். தேசிய சினிமா மற்றும் அசையும் பிம்ப மையம் என்று அதன் முழுப்பெயரைத் தமிழில் சொல்லலாம். உலகில் சினிமாவுக்கு நிதி தரும் அரசு அமைப்புகள் எத்தனையோ உண்டு. இதை மட்டும் தனியாக எடுத்துப் பேசக் காரணம், பணம் எங்கிருந்து வருகிறது, எப்படித் திரும்பிப் போகிறது என்ற கணக்கு இவ்வளவு தெளிவாக வேறெங்கும் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை. படம் எடுக்க நினைப்பவர்கள், கூட்டுத் தயாரிப்புக்கு வழி தேடுபவர்கள், ‘அரசு சினிமாவுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?’ என்று டீக்கடையில் சண்டை போடுபவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

படி 1: முதலில் டிக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்

10 யூரோ டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதிப்புக்கூட்டு வரி 5.5%, அதாவது 52 சென்ட், அரசுக் கஜானாவுக்குப் போகிறது. சி.என்.சி.யின் சிறப்பு வரி 10.72%, அதாவது 1 யூரோ 7 சென்ட். இது கஜானா பக்கமே போகாது, நேராக சினிமா நிதிக்குப் போகும். இசை உரிமைச் சங்கத்துக்கு ஒரு சிறு பங்கு. மீதியைத் திரையரங்கும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். விநியோகஸ்தர் பங்கு பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். முதல் வாரம் அறுபது, எழுபது சதவீதம் ஷேர் கேட்கும் நம்மூர்ப் பெரிய படங்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், தியேட்டர்காரர்களுக்குப் பெருமூச்சுதான் வரும்.

கவனிக்க வேண்டியது, இந்த 10.72% எந்தப் படத்துக்கும் ஒன்றுதான். ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படம், ஜப்பானிய அனிமேஷன், ரஜினி படம், எல்லாவற்றிலும் பிடிப்பார்கள். ஆனால் தயாரிப்பாளருக்குத் திரும்பிப் போவது, பிரெஞ்சுப் படம் என்றோ கூட்டுத் தயாரிப்பு என்றோ அங்கீகாரம் பெற்றவற்றுக்கு மட்டும். ஆக, அமெரிக்கப் படம் நன்றாக ஓடினால் பிரெஞ்சுச் சினிமாவுக்குக் கொண்டாட்டம்.

நம்மூரில் எதிர்த்திசையில் போனோம். 2006-இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்றார்கள். தலைப்புகள் தமிழாகின, நல்லதுதான். ஆனால் விட்டுக்கொடுத்த வரி ஓடிய படத்தின் லாபத்தோடு கலந்து போனது. அடுத்தவர் படம் எடுக்க அதில் ஒரு காசும் ஒதுங்கவில்லை.

இந்த வரி ஒழுங்காக வர வேண்டுமானால் வசூல் கணக்கு ஒழுங்காக வேண்டும். நம்மிடம் டி.சி.ஆர். என்று ஒரு காகிதம் உண்டே, தியேட்டர் தினமும் எழுதும் வசூல் கணக்கு, அதன் கண்டிப்பான அண்ணன் அங்கே இருக்கிறான். டிக்கெட் அச்சிடும் மென்பொருளுக்கே சி.என்.சி.யின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை டிக்கெட், என்ன விலை என்று திரையரங்குகள் வாராவாரம் கணக்கு அனுப்ப வேண்டும். அதனால் அங்கே ‘மூன்று நாளில் நூறு கோடி’ என்று போஸ்டர் ஒட்டி ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. பேச்செல்லாம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான். 2019-இல் 21 கோடிக்கு மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன என்று துல்லியமாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

கொஞ்சம் வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரான்ஸ் கடனில் கிடந்தது. 1946 மே மாதம் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கடன் சலுகைக்குப் பதிலாகத் திரையரங்குகளை அமெரிக்கப் படங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. மூன்று மாதத்தில் நான்கே வாரம் பிரெஞ்சுப் படங்களுக்கு உறுதி, மற்றபடி போட்டிதான். போர்க்காலத்தில் வராமல் தேங்கிக் கிடந்த ஹாலிவுட் படங்கள் மொத்தமாக வந்து இறங்கின. சி.என்.சி.யை அமைத்த சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 25-இல் வந்தது. 1948 ஜனவரியில் நடிகர்களும் தொழிலாளர்களும் பாரிஸ் தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் டிக்கெட் வரியும் அதிலிருந்து உதவியும் சட்டமாயின. ‘தற்காலிக உதவி’ என்றுதான் அந்தச் சட்டத்துக்குப் பெயர். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

படி 2: தொலைக்காட்சியும் நெட்ஃபிளிக்ஸும் கட்டும் பங்கு

டிக்கெட் வரி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆரம்பம், அவ்வளவுதான். இன்றைக்கு சி.என்.சி.யின் ஆண்டு வருமானம் சுமார் 70 கோடி யூரோ. அதில் பெரும் பங்கு தொலைக்காட்சி நிறுவனங்களிடமும் இணைய இணைப்பு விற்பவர்களிடமும் வாங்கும் வரி. வீடியோ தளங்களுக்கு 5.15%. நெட்ஃபிளிக்ஸும் கட்டுகிறது, யூடியூபும் கட்டுகிறது. வீட்டுத் திரையில் படம் காட்டுபவரும் சினிமாவால்தான் பிழைக்கிறார், ஆகவே அவரும் பங்கு தரட்டும் என்ற கணக்கு. புதிதாக ஒரு திரை வரும்போதெல்லாம் அதன்மேல் ஒரு வரி போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள், டி.வி., வீடியோ கேசட், இப்போது ஓ.டி.டி.

இது தவிர நேரடி முதலீட்டுக் கடமையும் உண்டு. 2021-இல் வந்த ஆணைப்படி பெரிய ஓ.டி.டி. தளங்கள் பிரான்ஸில் ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20% ஐரோப்பிய, பிரெஞ்சுத் தயாரிப்புகளில் போட வேண்டும். அந்தப் பணம் சி.என்.சி. வழியாக வருவதில்லை, நேராகத் தயாரிப்பாளரிடம் போகிறது. போட்ட முதலீட்டுக்கு ஏற்பத்தான் காத்திருக்கும் காலமும். நிறையப் பணம் போடும் கட்டணத் தொலைக்காட்சியான கனால் பிளஸ், படம் திரைக்கு வந்த ஆறு மாதத்தில் காட்டலாம். நெட்ஃபிளிக்ஸுக்கு 15 மாதம். நான்கு வாரத்தில் ஓ.டி.டி.யில் வந்துவிடும் என்று தியேட்டர் பக்கம் போகாமல் இருக்கிறோமே நாம், அங்கே அந்த சௌகரியம் கிடையாது.

கையில் காசு இருந்தால் கண் படத்தானே செய்யும். சி.என்.சி.க்கு வருவது தனி வருமானம் என்றாலும் அரசுக்கு முடை வரும்போது அதன் கையிருப்பில் கைவைப்பதும் நடக்கிறது. 2013 பட்ஜெட்டில் 15 கோடி யூரோவை எடுத்துக்கொண்டார்கள்.

படி 3: தானாக வரும் பணம்

சி.என்.சி. பணம் தருவதில் இரண்டு வகை. ஒன்று தானாக வருவது, இன்னொன்று தேர்ந்தெடுத்துத் தருவது. வெளியே இருப்பவர்கள் இரண்டாவதைப் பற்றியே பேசுவார்கள். அதில்தான் கலை, குழு, சர்ச்சை எல்லாம் இருக்கிறது. அமைப்பின் முதுகெலும்பு முதலாவது.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் சி.என்.சி.யில் ஒரு கணக்கு உண்டு, பாஸ்புக் மாதிரி. படம் ஓட ஓட, விற்ற டிக்கெட்டுக்கு ஏற்ப அந்தக் கணக்கில் பணம் ஏறும். டி.வி.யில் போட்டால் ஏறும், வீடியோ விற்றாலும் ஏறும். படம் மிகப் பெரிய வெற்றி என்றால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறும் வேகம் குறையும், எல்லாவற்றையும் ஒருவரே அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக.

இந்தப் பணத்தை எடுத்து வீடு வாங்க முடியாது, கார் வாங்க முடியாது. அடுத்த படத்தில் போட்டால்தான் கைக்கு வரும். குறித்த ஆண்டுகளுக்குள் போடாவிட்டால் காலாவதி. அது மட்டுமல்ல, முந்தைய படத்தில் தொழிலாளர்களுக்குச் சம்பள பாக்கி இருந்தால் முதலில் இந்தக் கணக்கிலிருந்து அது கழியும். ஒரு படம் ஓடிய லாபத்தில் ரியல் எஸ்டேட் பக்கம் போய்விட்டு, நான்கு வருடம் கழித்து ஃபைனான்சியரிடம் வட்டிக்குப் பணம் கேட்டு நிற்கும் தயாரிப்பாளர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த விதியை எழுதியவர் கோடம்பாக்கத்தில் சில காலம் இருந்திருப்பாரோ என்று தோன்றும்.

தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, விநியோகஸ்தருக்கும் திரையரங்குக்கும் இதே போலக் கணக்கு உண்டு. தியேட்டர்காரர் அந்தப் பணத்தில் இருக்கை மாற்றலாம், ஒலியமைப்பு புதுப்பிக்கலாம். நாடு முழுவதும் 2,000 அரங்குகளும் 6,000-க்கு மேற்பட்ட திரைகளும் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு காரணம். சிறு ஊர்களில் ஒற்றைத் திரை அரங்குகள் கல்யாண மண்டபமாக மாறாமல் இருக்கின்றன.

படி 4: உங்கள் படம் எத்தனை மார்க்?

எது பிரெஞ்சுப் படம்? கேள்வி சின்னதாகத் தெரியும். பதில் ஒரு மார்க் பட்டியல். கதைப்படத்துக்கு மொத்தம் 100 புள்ளிகள்.

தயாரிப்பு நிறுவனத்துக்கு 10. மொழிக்கு 20. எழுத்துப் பக்கம் 10: அதில் இயக்குநருக்கு 5, திரைக்கதை வசனகர்த்தாவுக்கு 4, இசையமைப்பாளருக்கு 1. நடிகர்களுக்கு 20. தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு 14, தொழிலாளர்களுக்கு 6. படப்பிடிப்பு, படத்தொகுப்பு, லேப் போன்ற வேலைகளுக்கு 20. ஒவ்வொன்றிலும் பிரெஞ்சு அல்லது ஐரோப்பியப் பங்கைப் பொறுத்துப் புள்ளி விழும். குறைந்தது 25 வாங்காவிட்டால் கதவு திறக்காது. அதற்கு மேல், புள்ளி கூடக்கூட கணக்கில் ஏறும் பணமும் கூடும்.

இசையமைப்பாளருக்கு ஒரே ஒரு புள்ளி! நம் ஊரில் இந்தப் பட்டியலை எழுதியிருந்தால் மொழிக்கும் இசைக்கும் தலா இருபது போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசியிருப்போம். நடிகர்களுக்குள்ள இருபது தொழிலாளர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் சேர்த்தால் வரும் இருபதுக்குச் சமம் என்பதையும் கவனியுங்கள். லைட்மேன், தச்சர் எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் படத்தை ‘பிரெஞ்சு’ ஆக்குகிறார்கள்.

புள்ளி மட்டும் போதாது என்பதற்கு ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது. ழான்-பியர் ழூனே 2004-இல் எடுத்த ‘எ வெரி லாங் எங்கேஜ்மென்ட்’ என்ற படம். பிரெஞ்சு நாவல், பிரெஞ்சு நடிகர்கள், பிரெஞ்சு மொழி, பிரான்ஸில் படப்பிடிப்பு. சி.என்.சி. அங்கீகாரமும் கொடுத்துவிட்டது. மற்ற தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள்: தயாரித்த நிறுவனத்துக்குப் பின்னால் இருப்பது அமெரிக்க வார்னர் பிரதர்ஸ் என்று. அந்த நிறுவனத்தில் வார்னரின் பிரெஞ்சுக் கிளைக்கு இருந்த பங்கு 32% மட்டுமே. ஆனாலும் நீதிமன்றம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. படம் எவ்வளவு பிரெஞ்சாக இருந்தாலும், பணப்பையின் வாய் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

படி 5: வசூலை நம்பித் தரும் முன்பணம்

முதல் படம் எடுக்கும் ஒருவருக்கு முந்தைய படம் இல்லை. முந்தைய படம் இல்லையென்றால் கணக்கில் பணம் இல்லை. இங்கேதான் இரண்டாம் வகை வருகிறது. 1959-இல் ஆந்த்ரே மால்ரோ கலாச்சார அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. பிரெஞ்சில் ‘அவான்ஸ் சுர் ரெசெத்’. நேர்ப்பொருள், வரப்போகும் வசூலின் பேரில் தரும் முன்பணம். வட்டி கிடையாது. படம் வசூலித்தால் அதிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும், வசூலிக்காவிட்டால் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். திரும்பி வருவது சிறு பகுதிதான். அது தெரிந்தேதான் கொடுக்கிறார்கள்.

நடைமுறை இப்படி. மூன்று குழுக்கள்: முதல் படத்துக்கு ஒன்று, இரண்டாவது படத்திலிருந்து ஒன்று, எடுத்து முடித்த படங்களுக்கு ஒன்று. முதல் படத்தை மற்றவர்களோடு போட்டிபோட விடாமல் தனியாகப் பிரித்ததைத்தான் நான் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். புதியவர் ஒருவர் பெயர்பெற்ற இயக்குநரோடு ஒரே வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முழுத் திரைக்கதை எழுதி அனுப்ப வேண்டும். ஒருவரிக் கதை, பஞ்ச் டயலாக், ஹீரோவின் கால்ஷீட், எதுவும் செல்லாது. கூடவே இயக்குநரின் எண்ணக் குறிப்பு: இந்தப் படத்தை ஏன் எடுக்க நினைக்கிறேன், எப்படி எடுப்பேன், கேமரா எங்கே நிற்கும், நடிகர்களை எப்படித் தேர்வு செய்வேன் என்று சில பக்கங்கள். முதலில் வாசகர்கள் படித்துக் கருத்து எழுதுவார்கள். தேறியவை முழுக் குழுவுக்குப் போகும். குழுவில் இருப்பவர்கள் இயக்குநர்கள், எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள், நடிகர்கள் என்று தொழிலில் இருப்பவர்கள்தான். கடைசிக் கட்டத்தில் விண்ணப்பித்தவரை நேரில் அழைத்துப் பேசுவார்கள். ஆண்டுக்கு வரும் நூற்றுக்கணக்கான திரைக்கதைகளில் ஐம்பது, அறுபதுக்குத்தான் கிடைக்கும்.

கிடைக்கும் தொகை சில லட்சம் யூரோ. பிரெஞ்சுப் படத்தின் சராசரி பட்ஜெட் நாற்பது, ஐம்பது லட்சம் யூரோ என்னும்போது இது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் இதன் மதிப்பு தொகையில் இல்லை. அவான்ஸ் கிடைத்த படம் என்றால் டி.வி. நிறுவனமும் விநியோகஸ்தரும் கதவைத் திறப்பார்கள். நம்மூரில் ஹீரோவின் தேதி செய்யும் வேலையை அங்கே இந்தக் கடிதம் செய்கிறது.

குறை சொல்பவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. குழுவின் ரசனைக்கு ஏற்றபடி எழுதுகிறார்கள், எல்லாம் ஒரே அச்சில் வருகிறது என்பார்கள். ஆண்டுக்கு சுமார் 300 படங்கள் அங்கீகாரம் பெறுகின்றன, பல படங்களை யாரும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. என்னைக் கேட்டால், யாரும் பார்க்காத படம் எல்லா ஊரிலும் எடுக்கப்படுகிறது. மற்ற ஊர்களில் அதற்காக யாரோ ஒருவர் நிலத்தை விற்றிருப்பார்.

படி 6: சின்னச் சின்ன வாசல்கள்

திரைக்கதை எழுதும் காலத்துக்குத் தனி உதவி உண்டு. மாகாண அரசு ஒரு படத்துக்கு 2 யூரோ போட்டால் சி.என்.சி. 1 யூரோ போடும் என்ற ஏற்பாடு, படப்பிடிப்புகளைப் பாரிஸுக்கு வெளியே இழுத்தது. குறும்படம், ஆவணப்படம், அனிமேஷன், வீடியோ கேம் எல்லாவற்றுக்கும் பிரிவுகள். பாரிஸுக்கு வெளியே புவா தார்சியில் ஒரு பழைய கோட்டைக்குள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

2021 முதல் ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது. படப்பிடிப்பில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது பற்றிய பயிற்சியைத் தயாரிப்பாளர் முடித்திருக்க வேண்டும். பயிற்சி இல்லையென்றால் பணம் இல்லை. அறிக்கை, கமிட்டி, கண்டனம் என்று எதையும் எதிர்பார்க்காமல் பணத்தோடு முடிச்சுப் போட்டால் வேலை நடக்கிறது.

படி 7: தமிழ்ப் படத்துக்கு இங்கே இடம் உண்டா?

உண்டு, ஆனால் தனியாகப் போய்த் தட்ட முடியாது. ‘உலக சினிமாக்களுக்கான உதவி’ என்ற திட்டம் 2012-இல் தொடங்கியது. அதற்கு முன் 1984 முதல் ‘ஃபோன் சுத்’ என்ற பெயரில் வளரும் நாடுகளின் படங்களுக்கு உதவி இருந்தது. படம் எந்த மொழியிலும் இருக்கலாம், தமிழிலும் இருக்கலாம். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பாளர். கிடைக்கும் பணத்தில் ஒரு பெரும் பகுதியை பிரான்ஸிலேயே செலவழிக்க வேண்டும். அதனால்தான் இப்படிப்பட்ட படங்களில் ஒலிக்கலவை, நிறத்திருத்தம் போன்ற வேலைகள் பாரிஸில் நடந்ததாக டைட்டிலில் பார்ப்பீர்கள்.

அப்படியானால் முதல் வேலை பணம் தேடுவதல்ல, ஆள் தேடுவது. இங்கே நம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி. உதவிக்கு வரும். 1975-இல் அமைந்தது, 1980-இல் பழைய திரைப்பட நிதிக் கழகத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படமான ‘மறுபக்கம்’ அதன் தயாரிப்புதான். சொந்தத் தயாரிப்பைவிட இப்போது அதன் பெரிய பயன், 2007 முதல் கோவாவில் திரைப்பட விழாவை ஒட்டி நடத்தும் ஃபிலிம் பஜார் சந்தை. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் நவம்பரில் அங்கே கதை கேட்க வருவார்கள். பிரான்ஸின் நான்த் நகரத்து மூன்று கண்டங்கள் விழா நடத்தும் ‘ப்ரொத்யூர் ஒ சுத்’ பட்டறையும் இன்னொரு வழி.

ஆள் கிடைத்த பிறகு, இந்தியாவும் பிரான்ஸும் 1985-இல் போட்ட கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் படத்தைக் கொண்டுவரலாம். அப்படி வந்தால் படம் இரண்டு நாட்டுக்கும் சொந்தப் படம். இங்கே மத்திய அரசின் ஊக்கத்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். 2023 நவம்பரில் அதைத் தகுதியுள்ள செலவில் 40% வரை, உச்சவரம்பு 30 கோடி ரூபாய் என்று உயர்த்தினார்கள்.

அப்புறம் ஒரு காகிதம். பிரான்ஸில் சினிமாவுக்குப் பொதுப் பதிவேடு ஒன்று இருக்கிறது, நிலத்துக்குப் பத்திரப்பதிவு அலுவலகம் இருப்பதுபோல. கதை உரிமை யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு, யாரிடம் அடகு வைத்திருக்கிறது என்ற ஒப்பந்தங்கள் அதில் பதிவாகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே உங்களைச் சந்திக்கும் பிரெஞ்சுத் தயாரிப்பாளர் கதை பிடித்திருக்கிறது என்று சொன்ன அடுத்த நிமிடமே கேட்பது, கதை உங்களுடையதுதான் என்பதற்கான எழுத்து மூலமான ஒப்பந்தம். நாவலாசிரியரிடம் வாய்வார்த்தையில் பேசி முடித்தது, டிஸ்கஷனில் உட்கார்ந்த நண்பருக்கு ‘பார்த்துக்கலாம்’ என்று சொல்லி வைத்தது, இதெல்லாம் அங்கே செல்லாது. கோவாவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்து அதை எழுதி வாங்கிவிடுங்கள்.